இடப்பக்கக் கதவு

எங்கள் அக்கராயன் பக்கத்தில் யாருக்காவது கழுத்து நோவென்றால் "அவவிட்டைப் போய்க் கேளுங்கோ" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வருகிறவர்கள் படலையைத் திறக்கும்போதே "அக்கா, என்ன எண்ணெய் பூசினனீங்கள்?" என்கிறார்கள். எண்ணெயும் இல்லை, போத்தல் மருந்தும் இல்லை, கத்தியும் வைக்கவில்லை என்றால் ஒருவரும் நம்புவதாயில்லை. மருந்தின் பெயரை ஒளிக்கிறேன் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் உளைந்துவிட்டது. அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். நடுவில் நான் அழுதால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிட்டு என் கழுத்தின் கதையை எனக்குச் சொல்லத் தெரியாது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். குடாநாட்டில் ஒரு பரப்புக் காணிகூட இல்லாமல் இருந்த எங்களுக்குக் குளத்துக்குக் கீழே வயல் கிடைக்கிறது என்றதும், என்னையும் தன் தம்பி ராசனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். வயல் என்றுதான் பேர், வந்து பார்த்தால் காடு. அவரும் ராசனும் மரம் தறித்தார்கள். நான் மண் சுமந்தேன். வரம்பு கட்ட, மேடு நிரவ, கடகம் கடகமாகத் தலையில் மண். பிள்ளை குட்டி இல்லாதவள் என்பதால் வீட்டில் இருந்து என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கும் ஒரு வீம்பு. ஆம்பிளைகள் சுமந்ததைவிடக் கூடத்தான் சுமந்திருப்பேன்.

நோவு முதலில் பிடரியில் வந்தது. பிறகு இடது தோளுக்கு இறங்கி, கை வழியே விரல் நுனிவரை மின்னல் மாதிரி ஓடும். பரியாரியார் எண்ணெய் தந்து உருவிவிட்டார். பக்கத்துக் காணிக்காரி நாவூறு என்று மிளகாய் சுற்றி எரித்தாள். ஒருநாள் சோற்றுப் பானையை இறக்கும்போது இடது கை இருப்பதே தெரியவில்லை. பானை நிலத்தில், சோறு சாம்பலில். நான் கையைப் பார்க்கிறேன், அது யாருடையவோ கை போல் தொங்குகிறது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. அடுத்த நாளே அவர் வயலைப் போட்டுவிட்டு, ராசனையும் கூட்டிக்கொண்டு என்னைப் பஸ்ஸில் ஏற்றினார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வாங்குப் பலகையில் இருந்து இருந்து இடுப்பும் நோகத் தொடங்கிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசன், கழுத்து வருத்தம் என்றால் முள்ளந்தண்டை வெட்டித் திறப்பார்கள், திறந்தால் எழும்பமாட்டார்கள் என்று விலாவாரியாகச் சொன்னான். அவரின் முகம் கறுத்துப்போனது. "உங்களை ஆர் கேட்டது?" என்று நான் அவனைப் பிடித்து ஏசியதில் அந்த வாங்கே அடங்கிவிட்டது.

எக்ஸ்றே எடுத்தார்கள். அதைப் பார்த்தவர் வெட்டுகிற டொக்டர் இல்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, இழுவையாலும் சூட்டாலும் பயிற்சியாலும் மாற்றுகிறவர். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'பயிற்சி டொக்டர்'. மெலிந்த மனிசன், மெதுவான கதை. எக்ஸ்றேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்கள் மூன்று பேருக்கும் விளங்கப்படுத்தினார். கழுத்தில் எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் மெத்தை போல ஒரு தட்டு இருக்கிறது. நான் தலையில் சுமந்த பாரத்தில் ஒரு தட்டு நசுங்கி வெளியே பிதுங்கிவிட்டது. அது கைக்குப் போகிற நரம்பை நெரிக்கிறது.

"வெட்டத் தேவையில்லை. தலையை மெல்ல இழுத்து வைச்சா எலும்புகளுக்கு இடையிலை இடம் கிடைக்கும், நரம்பு விடுபடும். கொஞ்சக் கிழமை ஆடாமல் அசையாமல் மல்லாந்து கிடக்கவேணும். இப்ப கழுத்து வெடுக்கெண்டு திரும்பினா கை விளங்காமலே போகலாம். வீட்டாக்கள் கவனம்" என்றார்.

வீட்டாக்கள் என்றது அவரையும் ராசனையும். ரெண்டு பேரும் கோயிலில் நிற்கிற மாதிரிக் கைகட்டித் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைப் பிறகு எத்தனை தரம் நினைத்தேனோ.

"எப்ப ஐயா வீட்டை விடுவியள்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம் தானாத் திரும்பி உங்கட தோளுக்கு மேலாலை பின்னாலை பாருங்கோ. அண்டைக்கே போகலாம்."

பெண்கள் வார்டில் என் கட்டில் சுவரோரம். மெத்தைக்குக் கீழே பலகை. தாடைக்கும் பிடரிக்கும் வார் ஒன்றைப் பூட்டி, அதில் கயிறு கட்டி, தலைமாட்டில் இருந்த மரச்சட்டத்துக் கப்பியின் மேலாக விட்டு, நுனியில் மணற்பை தொங்கவிட்டார்கள். கிணற்று வாளி மாதிரி நான் ஒரு பக்கம், மணல் மறுபக்கம். சாப்பாட்டுக்கும் கழுவுவதற்கும் மட்டும் மிஸ்ஸி, அதுதான் நேர்ஸ், வந்து தன் கையால் தலையைத் தாங்கிக்கொண்டு கழற்றுவா. மற்ற நேரமெல்லாம் முகட்டைப் பார்த்தபடி கிடக்கவேண்டும். எந்தக் கூரைத் தீராந்தியில் எத்தனை குளவிக்கூடு என்று எனக்குப் பாடம். வாயை முழுக்கத் திறக்க முடியாது என்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. பல்லைக் கடித்துக்கொண்டே ஏசப் பழகினேன்.

பக்கத்துக் கட்டிலில் முள்ளியவளைப் பக்கத்து மரியம் ராத்தா. இடுப்பில் இதே வருத்தம், அவவுக்கு இழுவை காலில். "ஒங்களுக்குத் தலையில, எனக்குக் காலுல. ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா ஒரு முழு ஆளை இழுக்கலாம் தங்கச்சி" என்பா. ராத்தா இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும்.

வார்டின் கதவு என் இடப்பக்கம், தலைமாட்டுக்குப் பின்னால், தூரத்தில். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதால்தான் வருவார்கள். கிடந்தபடி என் கண்ணுக்கு ஒருவரும் தெரியமாட்டார்கள். கட்டிலடிக்கு வந்து, என் முகத்துக்கு நேரே குனிந்தால்தான் ஆள் இன்னார் என்று தெரியும். முதல்தரம் அவர் பார்க்க வந்து அப்படிக் குனிந்தபோது நான் திடுக்கிட்டு அசைந்து, கை முழுக்க நெருப்பாய் எரிந்தது. அவர் அப்படியே திரும்பிக் கடைத்தெருவுக்குப் போனார். வரும்போது கையில் ஒரு சின்ன முகம் பார்க்கிற கண்ணாடி, மீசை வெட்டுகிறவர்கள் வைத்திருக்கிற அளவு. அதை என் வலது கையில் தந்து, சரித்துப் பிடிக்கப் பழக்கினார்.

"இஞ்சாரும், இப்ப என்ன தெரியுது?"

"முகடு."

"இன்னும் கொஞ்சம் சரியும். இப்ப?"

"கதவு தெரியுது. ஒரு வயசு போன மனிசி வெத்திலை துப்புது."

அவர் கதவடிக்கு நடந்து போய், கையைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிக்குள் என் கட்டைவிரல் அளவில் என் மனிசன். எனக்குச் சிரிப்பு வந்தது. வாரைப் பூட்டியிருந்ததால் மூக்கால் சிரித்தேன். திரும்பி வந்து கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டொக்டர் சொன்னதுதானே, இடப்பக்கம் திரும்பிப் பார்த்தா வீட்டை போகலாமெண்டு. அண்டைக்கு நான் அந்தக் கதவடியிலை நிப்பன். கண்ணாடி இல்லாமல் நீர் என்னைத் திரும்பிப் பாரும். அப்பிடியே பஸ் ஏறுவம்."

அதற்குப் பிறகு எனக்கு வேறு எண்ணமே இல்லை. நரம்பு, எலும்பு, கை எல்லாம் பிறகு. நான் திரும்பவேண்டும், அவர் அங்கே நிற்கவேண்டும்.

பட்டணத்தில் கலியாணம் செய்திருந்த என் அக்கா தினமும் சோறு கொண்டு வருவா. முகம் துடைத்து, பொட்டு வைத்துவிட்டு, குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி ஊட்டுவா. இழுவை இல்லாத நேரத்தில் மிஸ்ஸி விளக்கால் பிடரிக்குச் சூடு பிடிப்பா. பிறகு பயிற்சி. இதைத்தான் எல்லோரும் கவனமாய்க் கேட்கவேண்டும். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையைத் தள்ளவேண்டும், கை விட்டுக்கொடுக்கக் கூடாது. தலை அசையாது, ஆனால் கழுத்துச் சதை வேலை செய்யும். பட்டியில் முரண்டு பிடிக்கிற ஆட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரித்தான். பிறகு அப்படியே பக்கவாட்டிலும் பிடரியிலும். எலும்பைத் தாங்குவது சதைதான், சதைக்குப் பலம் வந்தால் தட்டுக்குப் பாரம் குறையும். "ஒரு மருந்தும் தரமாட்டியளோ ஐயா?" என்று டொக்டரைக் கேட்டேன். "மருந்து நீங்கள்தான் அம்மா" என்றார். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அறுவடை தொடங்கும்போது அவர் வந்தார். வெட்டுக்கு ஆள் பிடித்தாயிற்று, கதிர்க்கட்டுகளைக் களத்தில் சூடாக, அதுதான் போராக, குவித்தாயிற்று, இனி மாடு விட்டு மிதிக்க வேண்டியதுதான் என்றார். சூடு மிதிக்கத் தொடங்கினால் களத்துக்காரன் களத்தை விட்டு அசையமாட்டான். நெல் தூற்றி அளந்து வீட்டுக்கு வரும்வரைக்கும் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை. அது எங்களில் வழக்கம். "நெல்லு வீட்டை வந்தாப் பிறகுதான் இனி வருவன். அதுக்கிடையிலை நீர் திரும்பிப்போடாதையும், நான் பாக்கவேணும்" என்று பகிடி விட்டார்.

"எனக்கு ஏலுமான நேரத்துக்கு நான் திரும்புவன். உங்களுக்காகப் பாத்துக்கொண்டு கிடக்கேலாது."

"நீர் கிடப்பீர்" என்றார். கதவடியில் நின்று கையைத் தூக்கினார். நான் கண்ணாடியைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, என் கட்டைவிரல் அளவில், வெயிலுக்குள் இறங்கிப் போனார்.

அடுத்து வந்த கிழமைகளில் கையில் விறைப்புக் குறைந்தது. கரண்டியைப் பிடிக்க முடிந்தது. அக்காதான் மாறிப்போனா. சோறு ஊட்டும்போது என் கண்ணைப் பார்க்கமாட்டா. பொட்டு வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சுவா. கேட்டால் தடிமன் என்பா. அதைவிட எனக்கு ஆத்திரம் வந்தது கறியில். ஒரு நாள் கத்தரிக்காய், ஒரு நாள் பருப்பு, மறுநாள் கீரை. மீன் இல்லை, முட்டையும் இல்லை.

"என்னக்கா, கடல் வத்திப் போச்சோ?"

"மீன் சூடு. கழுத்துக்கு ஆகாதாம்."

"ஆர் சொன்னது? டொக்டர் என்னை நல்லாச் சாப்பிடச் சொன்னவர்."

அக்கா அடுத்த பிடிச் சோற்றை என் வாயில் வைத்துவிட்டா. ஒருநாள் ராத்தாவின் வீட்டார் கொக்கிளாய் இறால் கறி கொண்டு வந்தார்கள். ராத்தா எனக்கும் ஒரு கோப்பையில் போட்டு மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டா. வாசம் மூக்கில் பட்டு நான் வாயைத் திறந்த நேரம், அக்கா வந்து அந்தக் கோப்பையைப் பறித்துக்கொண்டா. "ஐயோ, வேண்டாம் ராத்தா, அவள் இதைச் சாப்பிடக் கூடாது" என்று சொன்ன குரல் அக்காவின் குரலாகவே இல்லை. ராத்தா அக்காவின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அன்றிலிருந்து பகிடியை நிறுத்திவிட்டா. என்னைப் பார்த்து "சாப்பிட்டியளா தங்கச்சி" என்பதோடு சரி.

அவரை விசாரித்தால் "சூடு மிதிக்கிறார்" என்பா அக்கா. எங்கள் வயலுக்கு எத்தனை நாள் மிதிப்பு என்று எனக்குத் தெரியாதா? மழை என்றா. மாடு கிடைக்கவில்லை என்றா. கடைசியில் எனக்குக் கொதி வந்துவிட்டது. "நாளைக்கு அவர் வரவேணும். இல்லாட்டி இந்த வாரை நானே கழட்டிப்போட்டு நடந்து போவன்" என்றேன். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனா.

மறுநாள் பார்க்க வருகிற நேரம் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தபடி கிடந்தேன். அவர் வரவில்லை. ராசன் வந்தான். வேட்டி, தோளில் சால்வை, தலையில் இறுக்கிச் சுற்றிய துவாய். கதவடியில் நின்றவன் உடனே உள்ளே வரவில்லை. அவனுக்குப் பின்னால் அக்கா.

ராசன் என்னிடம் வளர்ந்தவன் மாதிரி. என் முன்னால் தலையில் துண்டோடு ஒருநாளும் நின்றதில்லை. வயலில் நின்றாலும் என்னைக் கண்டால் துண்டு அவன் கைக்கு வந்துவிடும். அதுதான் எனக்கு வினோதமாக இருந்தது. கடைசியில் மெல்லப் பக்கத்தில் வந்தான்.

"என்னடா, மாமனார் வீட்டு மாப்பிளையோ? தலையிலை துண்டோடை நிக்கிறாய்!"

அவன் யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டான். என் குரலைக் கேட்டதும் பழக்கத்தில் கை தானாகப் போய்த் துவாயை இழுத்துவிட்டது. கண்ணாடிக்குள் பார்த்தேன். மொட்டந்தலை. மழித்து மயிர் முளைக்கத் தொடங்கிய தலை.

எங்கள் வீட்டில் ராசன் மொட்டையடிப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும். பிள்ளை இல்லாத மனிசனுக்குத் தம்பிதான் கொள்ளி வைப்பான்.

"எப்ப?" என்று கேட்டேன்.

"நேற்று அந்தியேட்டிச் சடங்கும் முடிஞ்சுது அண்ணி" என்று சொல்லிக் கட்டிலடியில் குந்திவிட்டான்.

சூட்டிலிருந்து கதிர்க்கட்டை இழுக்கும்போது உள்ளே கிடந்த புடையன் பாம்பு அவரைக் கடித்திருக்கிறது. விஷக்கடி வைத்தியரிடம் வண்டியில் கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் நல்ல நினைவோடுதான் இருந்தாராம். "அண்ணிக்கு இதைச் சொல்லிப்போடாதை. கேட்டுத் துள்ளினாவெண்டா கை போயிடும்" என்றிருக்கிறார். கடித்ததைத்தான் சொல்லாதே என்றார். ஆறித் திரும்பி வந்து தானே சொல்லலாம் என்றுதான் நினைத்திருப்பார். அவர் வரவில்லை. இவர்கள் அந்த வார்த்தையைக் கடைசி வார்த்தை என்று பிடித்துக்கொண்டார்கள். சாவை என்னிடம் மறைத்தார்கள், ஆனால் புருசன் செத்தவள் கவிச்சி தின்ன விடவும் மனம் வரவில்லை. என் துக்கத்தை எனக்குத் தெரியாமலே என்னைக்கொண்டு அனுட்டிக்க வைத்திருக்கிறா என் அக்கா. பொட்டையும் அவதான் வைத்துவிட்டா. இதில் நான் யாரோடு கோபிக்கிறது, சொல்லுங்கள்.

செத்த வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள், தலையை நிலத்தில் மோதுவார்கள். எனக்கு அதற்கும் வழியில்லை. தாடையில் வார், தலைமாட்டில் மணற்பை. மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். நான் துள்ளப்போகிறேன் என்று பயந்து, காலில் கட்டியிருந்த பாரத்தைத் தானே கழற்றிவிட்டு, நடக்கக் கூடாத ராத்தா எழும்பி வந்து என் தலையை ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்தா. "அழுங்க, நான் புடிச்சிருக்கன், அழுங்க" என்றா. அவவின் கண்ணீரும் என் முகத்தில்தான் விழுந்தது.

டொக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் இருந்தார்.

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா" என்றார். "சொல்லியிருந்தா கழுத்துக்குப் பட்டி கட்டி, பலகையிலை படுக்க வைச்சு, நானே உங்களை அனுப்பியிருப்பன். ஏலாத காரியமில்லை."

அவர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சில நாள் நினைப்பேன். சொன்னது நல்லது என்று சில நாள்.

போகலாம் என்றார்கள். எங்கே போக? நெருப்பும் ஆறி, சாம்பலும் கரைத்தாயிற்று. இருந்து முடித்துக்கொண்டு போகிறேன் என்றேன். இழுவையை எடுத்தார்கள், பட்டி கட்டினார்கள், எழுப்பி இருத்தினார்கள். வலப்பக்கம் வடிவாகத் திரும்பியது. இடப்பக்கம், அந்தக் கதவுப் பக்கம், அரைவாசியில் நின்றுவிடும். திரும்ப எக்ஸ்றே எடுத்தார்கள், தட்டு அடங்கியிருந்தது, தடை ஒன்றும் இல்லை. மிஸ்ஸி என்னைப் பயப்படாமல் திரும்பச் சொன்னா. டொக்டர் மட்டும் நான் எந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்கிறேன் என்று கவனித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் கேட்காமல் என் கதிரையை எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். இப்போது இடப்பக்கம் ஜன்னல், வெளியே ஒரு வேப்பமரம். "அந்த மரத்திலை காகம் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார். நான் திரும்பினேன். கழுத்து நோகவில்லை. காகம் இருந்தது.

வீட்டுக்குப் போகிற நாள் ராத்தா என் கையைப் பிடித்து முத்தமிட்டா. கண்ணாடியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். ராசன் பெட்டியோடு முன்னால் போனான். கதவடியில், அவர் கை தூக்கி நின்ற இடத்தில் நான் நின்றேன். தோளுக்கு மேலால் இடப்பக்கம் திரும்பி என் கட்டிலைப் பார்த்தேன். அதில் புதிதாக ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். கப்பி பூட்டிய மரச்சட்டம் அவள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் அவரைக் கண்ணாடிக்குள் கண்டேன் என்று இத்தனை நாளும் அதையாவது சொல்லி ஆறியிருந்தேன். கடைசியாய் இந்தக் கதவடியில் நின்ற அவர் என் முகத்தைக் காணவில்லை. கை தூக்கிவிட்டு, கண்ணாடி பிடித்த என் கையையும் ரெண்டு பாதத்தையும் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ராசன் திரும்பி வந்தான்.

"பஸ் வெளிக்கிடப்போகுது அண்ணி. ஏன் நிக்கிறியள், கழுத்து நோகுதோ?"

"இல்லையடா" என்றேன். "கழுத்து நோகேல்லை."